'ஸ்டேர்வே'யை எந்த இடத்தில் வைப்பது? லெட் செப்லின் பாடல்களை வரிசைப்படுத்துவது பற்றி

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான லெட் செப்லினின் சிறந்த பத்துப் பாடல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் 'ஸ்டேர்வே டு ஹெவன்' தலைப்பில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, ஆனால் பல வருடமாகக் கேட்பவர்கள் அதை நாலாவது, ஐந்தாவது இடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். இது வெறும் பந்தாவா, காரணம் ஏதும் உண்டா, நானே பட்டியல் போட்டால் எதை வைத்துப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எது சிறந்த பாட்டு என்பது உங்கள் கேள்வியல்ல. ஒரே பாட்டைக் கேட்கிற இரண்டு பேர் ஏன் இவ்வளவு தூரம் விலகிப் போகிறார்கள், அதில் ரசனை எவ்வளவு, விஷயம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. பந்தா கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சண்டையின் பெரும்பகுதி வேறு இடத்திலிருந்து வருகிறது. ஒருவர் பாட்டின் அமைப்பை எடைபோடுகிறார், அடுத்தவர் அந்த ஒலிப்பதிவை எடைபோடுகிறார், இன்னொருவர் மேடையில் அதை வாசித்த விதத்தை. பெயர் ஒன்றே என்பதால் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதாக நினைத்து மோதிக்கொள்கிறார்கள்.

அமைப்பை மட்டும் பார்த்தால் 'ஸ்டேர்வே'யை அசைப்பது கடினம். எட்டு நிமிடப் பாட்டில் டிரம்ஸ் நாலு நிமிடம் தாண்டிய பிறகுதான் நுழைகிறது. அதுவரை ஜிம்மி பேஜின் அக்கூஸ்டிக் கிட்டார், ஜான் பால் ஜோன்ஸ் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்த ரெக்கார்டர் குழல்கள், அப்புறம் எலெக்ட்ரிக் பியானோ, 12 தந்திக் கிட்டார் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. வேகமும் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல ஏறுகிறது. ஸ்டுடியோக்களில் கூலிக்கு வாசித்து வளர்ந்த பேஜுக்கு, வேகம் ஏறவிடக்கூடாது என்பது பாலபாடம். தெரிந்தே அதை மீறினார். ஆறாவது நிமிடத்தை ஒட்டி வருகிற சோலோவை அவர் வாசித்தது சக கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் கொடுத்த பழைய டெலிகாஸ்டர் கிட்டாரில். அதன் பிறகு ராபர்ட் பிளான்ட் உச்சத்துக்குப் போய், கடைசி வரியை வாத்தியம் எதுவும் இல்லாமல் தனியாகப் பாடி முடிக்கிறார். முதல் நிமிடத்தில் கேட்ட பாட்டா இது என்று தோன்றும், ஆனால் ஒட்டுப்போட்ட இடம் எதுவும் தெரியாது.

இதைச் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, அவர்கள் வெளியிடவே இல்லை. 1971 நவம்பரில் வந்த, அட்டையில் தலைப்பே இல்லாத அந்த நாலாவது ஆல்பத்தை வாங்கினால்தான் பாட்டு கிடைக்கும். அமெரிக்க எஃப்.எம். நிலையங்கள் எட்டு நிமிடத்தையும் வெட்டாமல் ஒலிபரப்பின, வருடக்கணக்காக ஒலிபரப்பின. பட்டியல்களில் அது முதலில் நிற்பதற்கும், தீவிர ரசிகர்களுக்குக் காது புளித்துப்போனதற்கும் காரணம் இது ஒன்றேதான். பிளான்டுக்கே அந்தப் பாட்டின்மீது சலிப்பு உண்டு என்பது ஊரறிந்த விஷயம். எனவே ஒருவர் 'ஸ்டேர்வே'யை ஐந்தாவதாக வைத்தால், பாட்டைக் குறைத்து மதிப்பிட்டாரா, கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாரா என்று அவரிடமே கேளுங்கள். அலுப்பு என்றால் அந்தத் தரவரிசை அவரைப் பற்றித்தான் சொல்கிறது, பாட்டைப் பற்றி அல்ல.

ஒலிப்பதிவு என்று வந்தால் கதை மாறும். இங்கே அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'வென் தி லெவீ பிரேக்ஸ்' எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிடும். ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, நடமாடும் ஸ்டுடியோ வண்டியை வாசலில் நிறுத்திப் பதிவு செய்தார்கள். ஜான் பான்ஹமின் டிரம்ஸை வைத்தது அறையில் அல்ல, மாடிப்படி சுற்றி மேலே போகும் முன்கூடத்தில். பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் டிரம்ஸுக்குப் பக்கத்தில் மைக்கே வைக்கவில்லை. மேல்மாடிப் படிக்கட்டுத் தளத்திலிருந்து பேயர்டைனமிக் எம்160 ரிப்பன் மைக் இரண்டை மட்டும் டிரம்ஸை நோக்கித் திருப்பினார். வந்த ஒலியைக் கம்ப்ரெஸ்ஸரில் போட்டு நன்றாக நசுக்கினார். பின்சன் எக்கோரெக் என்ற எதிரொலிக் கருவி வழியாகவும் அனுப்பினார். கம்ப்ரெஸ்ஸர் உரத்த அடியை அமுக்கி, அடி ஓய்ந்த பிறகு கூடத்தில் மிஞ்சும் அதிர்வை மேலே தூக்கும். அதனால் இரண்டு அடிக்கு நடுவே அமைதி இருக்க வேண்டிய இடத்தில் அந்த வீட்டின் சுவர்கள் கேட்கின்றன. பாஸ் டிரம்மின் ஒவ்வொரு உதையும் இரட்டையாக விழுவதுபோல் இருப்பது எக்கோரெக்கின் வேலை. போதாக்குறைக்கு டேப்பின் வேகத்தையும் குறைத்தார்கள். டிரம்ஸ் கனத்தது, பிளான்டின் ஹார்மோனிகா தடித்தது. அந்த ஹார்மோனிகாவின் எதிரொலி அதற்குப் பின்னால் வராமல் முன்னால் வரும்படி டேப்பைத் திருப்பி ஓட்டிப் பதிந்திருக்கிறார்கள். ஆல்பம் முழுவதையும் லாஸ் ஏஞ்சலஸில் சன்செட் சவுண்ட் ஸ்டுடியோவில் மிக்ஸ் செய்து, பிடிக்காமல் திரும்ப லண்டனில் மிக்ஸ் செய்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் செய்ததில் தப்பிப் பிழைத்தது இந்த ஒரு பாட்டுதான்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 2015இல் விரிவாக்கி வெளியிட்ட 'கோடா' ஆல்பத்தில் 'இஃப் இட் கீப்ஸ் ஆன் ரெய்னிங்' என்ற பதிவு இருக்கிறது. ஹெட்லி கிரேஞ்சுக்கு முன்னால் இதே பாட்டை முயன்றது அது. ஆட்களும் பாட்டும் அவர்களேதான், படிக்கட்டு மட்டும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், எதற்காக இந்தப் பாட்டைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்பது முப்பது விநாடியில் விளங்கிவிடும். 1975 சுற்றுப்பயணத்தில் மேடையில் சில தடவை வாசித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். மேடையில் நிற்காத பாட்டை முதலிடத்தில் வைக்கலாமா என்று ஒரு கட்சி கேட்கும். ஒலிப்பதிவை வரிசைப்படுத்துகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

'காஷ்மீர்' மூன்று கணக்கிலும் தேறுவது. 1975 பிப்ரவரியில் வந்த 'ஃபிசிகல் கிராஃபிட்டி' இரட்டை ஆல்பத்தில் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: வரிகள் பிறந்தது தென் மொராக்கோவின் பாலைவனச் சாலையில், எழுதியபோது பிளான்ட் காஷ்மீரைப் பார்த்ததே இல்லை. கிட்டார் ஸ்ருதி டி-ஏ-டி-ஜி-ஏ-டி. அந்தப் பாட்டு ஏன் நகர்ந்துகொண்டே இருப்பதுபோல் தோன்றுகிறது என்பதற்கு நம் ஆட்களுக்கு விளக்கம் சொல்வது எளிது. கிட்டாரின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டு, தகிட, தகிட என்று மூன்று மூன்றாகப் போகிறது. பான்ஹம் தகதிமி, தகதிமி என்று நாலு நாலாக அடிக்கிறார். நாலு தகிடவும் மூன்று தகதிமியும் பன்னிரண்டு. பன்னிரண்டு எண்ணிக்கைக்கு ஒருமுறைதான் இருவரும் சமத்தில் சந்திக்கிறார்கள். இடது கையால் தொடையில் நாலும், வாயால் மூன்றும் போட்டுப் பாருங்கள், ரிஃப் ஒவ்வொரு முறையும் டிரம்ஸின் வேறு இடத்தில் விழுவது தெரியும். பான்ஹம் கொஞ்சமாவது அலங்காரம் செய்திருந்தால் இது குழம்பியிருக்கும். சோம்பேறித்தனமான டிரம்ஸ் என்று சிலர் மதிப்பெண் குறைப்பது இதைக் கவனிக்காததால். குறை சொல்ல வேண்டுமானால் வேறு இடம் இருக்கிறது: தந்தி வாத்தியங்களுக்கும் பித்தளை வாத்தியங்களுக்கும் இசை அமைத்து, மெல்லோட்ரான் என்ற கீபோர்டும் வாசித்த ஜோன்ஸின் பெயர் பாடலாசிரியர் பட்டியலில் இல்லை.

இந்தியாவோடு உண்மையான தொடர்பு வேண்டுமென்றால் 'காஷ்மீரை' விட்டுவிட்டு 1972க்குப் போங்கள். அந்த ஆண்டு பேஜும் பிளான்டும் பம்பாயில் ஒரு ஸ்டுடியோவில் உள்ளூர் வாத்தியக் கலைஞர்களோடு 'ஃப்ரெண்ட்ஸ்', 'ஃபோர் ஸ்டிக்ஸ்' இரண்டையும் பதிவு செய்தார்கள். அதுவும் மேலே சொன்ன 2015 'கோடா'வில்தான் வெளிவந்தது. 'ஃபோர் ஸ்டிக்ஸ்' ஐந்தும் ஆறுமாக மாறி மாறிப் போகிற கணக்கு. பான்ஹம் கைக்கு இரண்டு குச்சி பிடித்து அடித்ததால் அந்தப் பெயர். முதல் பத்தில் இடம் கிடைக்காது, ஆனால் ஆல்பப் பதிவையும் பம்பாய்ப் பதிவையும் ஒப்பிட்டுக் கேட்கத் தகுந்தது.

மேடை வாசிப்புதான் அளவுகோல் என்பவர்கள் 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்', 'நோ குவார்ட்டர்' இரண்டையும் மேலே தூக்குவார்கள். ஆறரை நிமிட 'டேஸ்ட்' மேடையில் 25 நிமிடத்துக்கும் மேலாக நீளும். பேஜ் வயலின் வில்லால் கிட்டாரை இழுக்கிற பகுதி ஒன்றே தனிக் கச்சேரி. 1972 கலிஃபோர்னியா கச்சேரிகளிலிருந்து தொகுத்து 2003இல் வந்த 'ஹௌ தி வெஸ்ட் வாஸ் வன்' இதற்கு நல்ல சாட்சி. இந்த அளவுகோலில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரே பாட்டு ஒரு ராத்திரி மேலே போகும், மறுநாள் ராத்திரி கீழே விழும். எந்த ராத்திரியை எடுத்துக்கொள்வது என்பதிலேயே அடுத்த சண்டை தொடங்கிவிடும். மேடைக்குத் தனிப் பட்டியல் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

யார் எழுதியது என்ற வம்பும் இந்தக் குழுவில் தவிர்க்க முடியாதது. இதில் உறுதியானதையும் வாதத்துக்குரியதையும் பிரித்து வைக்க வேண்டும். 'ஹோல் லாட்டா லவ்' வரிகளில் வில்லி டிக்ஸனின் பாட்டு இருக்கிறது. அவர் 1985இல் வழக்குப் போட்டார், சமரசமாக முடிந்தது, இப்போது அவர் பெயரும் சேர்ந்தே வருகிறது. 'பேப் ஐம் கோனா லீவ் யூ'வில் ஆன் பிரெடனின் பெயர் 1990 வாக்கில் சேர்ந்தது. 'டேஸ்ட்' ஜேக் ஹோம்ஸ் 1967இல் வெளியிட்ட பாட்டிலிருந்து வந்தது; அவர் 2010இல் வழக்குப் போட்ட பிறகு அவரால் தூண்டப்பட்டது என்று குறிப்பிடுகிறார்கள். இவை மூன்றும் தீர்ந்த விஷயம். 'ஸ்டேர்வே' அப்படியல்ல. ஸ்பிரிட் குழுவின் 'டாரஸ்' பாட்டிலிருந்து தொடக்கம் எடுக்கப்பட்டது என்று 2014இல் வழக்கு வந்தது. 2016இல் ஜூரி, அந்தப் பாட்டைக் கேட்கும் வாய்ப்பு பேஜுக்கும் பிளான்டுக்கும் இருந்தது, ஆனால் சட்டம் கேட்கும் அளவுக்கு ஒற்றுமை இல்லை என்று சொன்னது. மேல்முறையீட்டில் 2020இல் அந்தத் தீர்ப்பு நிலைத்தது. நீதிமன்றத்தில் ஒப்பிட்டது பதிப்புரிமைக்காகக் கொடுத்துவைத்த ஸ்வரத் தாளைத்தான், ஒலிப்பதிவை அல்ல. ஆகவே 'திருட்டு நிரூபணமானது' என்பதும் பொய், 'துளியும் ஒற்றுமை இல்லை என்று கோர்ட்டே சொன்னது' என்பதும் மிகை. வரிசைப்படுத்தும்போது நான் கடைப்பிடிக்கும் விதி: இரவல் என்றால் அமைப்புக்கான மதிப்பில் கழிக்கலாம், ஒலிப்பதிவுக்கான மதிப்பில் கழிக்கக்கூடாது. 'லெவீ'க்கு இந்தத் தொல்லையும் இல்லை. 1929இல் கான்சஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் பதிவு செய்த பாட்டு அது, மின்னியின் பெயர் 1971 அட்டையிலேயே இருக்கிறது.

இனி பட்டியல் போடும் வேலை. பான்ஹம் 1980இல் இறப்பதற்கு முன் வந்த எட்டு ஸ்டுடியோ ஆல்பங்களில் மொத்தம் 73 உருப்படிகள். 1982இல் வந்த 'கோடா'வின் எட்டைச் சேர்த்தால் 81. முதலில் எல்லாவற்றையும் 'கட்டாயம்', 'பார்க்கலாம்', 'வேண்டாம்' என்று மூன்று குவியலாகப் பிரித்துவிடுங்கள்; இதற்குப் பாட்டைக் கேட்கக்கூட வேண்டாம். 'கட்டாயம்' குவியலில் 16 பாட்டு மிஞ்சினால், ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் மோதவிட 120 ஜோடி ஆகும், யாருக்கும் பொறுமை இருக்காது. அதற்குப் பதில் ஒரு பாட்டை வைத்துத் தொடங்கி, அடுத்து வருவதை வரிசையின் நடுவில் உள்ளதோடு மட்டும் ஒப்பிடுங்கள். வென்றால் மேல்பாதியின் நடுவோடு, தோற்றால் கீழ்ப்பாதியின் நடுவோடு. 15 பாட்டு வரிசையில் நிற்கும்போதுகூட 16ஆவதற்கு இடம் கண்டுபிடிக்க நாலு ஒப்பீடு போதும். பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போட ஆரம்பித்தால் எல்லாம் எட்டரையில் வந்து குவிந்துவிடும். இதைவிட அது நல்லதா என்ற கேள்விக்குத்தான் மனசு நேர்மையாகப் பதில் சொல்லும்.

கேட்கும் முறையில் நடக்கும் கோளாறுகள் பட்டியலையே புரட்டிவிடும். சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் சிறந்ததாகவே தோன்றும். காதின் இயல்பு அது. ஒரு பாட்டை 1990 மாஸ்டரிலும் இன்னொன்றை 2014-15இல் பேஜ் மேற்பார்வையில் வந்த ரீமாஸ்டரிலும் கேட்டு ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது பாட்டை அல்ல, வெளியிடுவதற்கு முன் ஒலியைச் சரிசெய்யும் கடைசி வேலையான மாஸ்டரிங்கை. எல்லாவற்றையும் ஒரே வரிசையிலிருந்து எடுங்கள், ஆப்பில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியைப் போட்டே வையுங்கள். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேட், வரிசையைக் கலைக்கும் ஷஃபிள் இரண்டையும் அணைத்துவிடுங்கள். 'ஃப்ரெண்ட்ஸ்' முடிவில் எழும் ரீங்காரம் அப்படியே 'செலிப்ரேஷன் டே'க்குள் போகும். அதன் டிரம்ஸின் தொடக்கம் தவறுதலாக அழிந்துபோனதை மறைக்கச் செய்த வேலை அது, தனியாகக் கேட்டால் பாட்டு பாதியில் தொடங்குவதுபோல் இருக்கும். ஃபோன் ஸ்பீக்கரில் 'லெவீ'யை மதிப்பிடவே கூடாது. அந்தப் பாஸ் டிரம் அதில் வராது, வராவிட்டால் பாட்டில் பாதி இல்லை. எல்.பி. வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இரண்டாவது ஆல்பத்தின் முதல் அமெரிக்க அச்சில், தட்டின் உள்வளையத்தில் ஆர்.எல். என்று கீறியிருந்தால் அந்த அச்சுக்கான மூலத்தட்டில் ஒலிப்பள்ளத்தை வெட்டியவர் பொறியாளர் ராபர்ட் லட்விக். மலிவான பிளேயர்களில் ஊசி எகிறியதால் திரும்பப் பெற்றுக்கொண்டு அடக்கமாக வெட்டியதை விற்றார்கள். 'ஹோல் லாட்டா லவ்' இடிமுழக்கம் என்று சத்தியம் செய்பவரிடம் எந்த அச்சு என்று கேளுங்கள்.

நண்பர்கள் சேர்ந்து வாக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு வாக்கு என்ற முறை வேண்டாம். ஒன்பது பேரில் நாலு பேர் 'ஸ்டேர்வே', மூன்று பேர் 'லெவீ', இரண்டு பேர் 'காஷ்மீர்' என்றால் 'ஸ்டேர்வே' வென்றுவிடும். ஆனால் மற்ற ஐந்து பேருக்கும் 'லெவீ', 'காஷ்மீர்' இரண்டுமே 'ஸ்டேர்வே'யைவிடப் பிடிக்கும் என்றால், நேருக்கு நேர் மோதலில் இரண்டிடமும் 'ஸ்டேர்வே' 5-4 என்று தோற்கும். முதல் இடத்துக்கு 10, அடுத்ததற்கு 9 என்று புள்ளி கொடுக்கும் முறையில் வேறு தில்லுமுல்லு நடக்கும்: மூன்றாவதாக வைக்க வேண்டியதை அந்த ஐந்து பேரும் வேண்டுமென்றே பத்தாவதில் போட்டால் ஆளுக்கு ஏழு, மொத்தம் 35 புள்ளி காலி. நீங்கள் சொன்ன பந்தா உண்மையில் வேலை செய்யும் இடம் இது. எல்லாருடைய வரிசையையும் வாங்கி, ஜோடி ஜோடியாக யார் யாரை வென்றார் என்று எண்ணுவதில் இந்த விளையாட்டு அவ்வளவு சுலபமாகச் செல்லாது.

என் வரிசையைச் சொல்லாமல் போனால் தப்பித்துக்கொண்டதாக ஆகும். ஒலிப்பதிவே அளவுகோல் என்று வைத்துச் சொல்கிறேன்: 'லெவீ' முதலில், 'காஷ்மீர்' இரண்டாவது, 'ஸ்டேர்வே' மூன்றாவது. இந்த மூன்றுக்குள் இடம் மாறலாம், மூன்றுக்குக் கீழே இவை போவதற்குக் காதில் விழும் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. நாலாவது 'சின்ஸ் ஐவ் பீன் லவ்விங் யூ'. அதில் பான்ஹமின் பெடல் கீச்சுக்கீச்சென்று கத்துவது ஆரம்பத்திலேயே கேட்கும். ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு விடாது. அதற்காக மதிப்பெண் குறைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, அத்தனை பேரும் ஒரே அறையில் ஒரே மூச்சில் வாசித்ததற்கு அது அத்தாட்சி. ஐந்தாவது 'அகிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்'. 1975 கார் விபத்தில் அடிபட்ட பிளான்ட் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு பாடியது. மியூனிக்கில் மூன்று வாரம்கூட ஆகாமல் முடித்த 'பிரெசென்ஸ்' ஆல்பத்தின் பத்து நிமிடத்துக்கும் மேற்பட்ட பாட்டு. பேஜ் அடுக்கிய கிட்டார்களை இடது வலது காதுகளில் பிரித்துக் கேட்டால் ஆர்கெஸ்ட்ரா எழுதியதுபோல் இருக்கும். அப்புறம் 'டென் இயர்ஸ் கான்', 'ஹோல் லாட்டா லவ்', சுருதியை அரைக் கட்டை இறக்கி இருட்டாக்கிய 'நோ குவார்ட்டர்', 'பிளாக் டாக்', 'தி ரெய்ன் சாங்'. ஆறிலிருந்து பத்து வரை வெறும் ரசனைதான். அங்கே யாரோடும் வாதாட மாட்டேன். 'ஆல் மை லவ்' இல்லையே என்று கேட்பீர்கள். பிளான்ட் இழந்த ஐந்து வயது மகனுக்கான பாட்டு என்பதால் அதைத் தொடவே பலர் தயங்குவார்கள். பாட்டு உருக்கமானதுதான், ஆனால் பேஜின் கை அதில் பேருக்குத்தான் இருக்கிறது, எழுதியவர்களில் அவர் இல்லை.

கடைசியாக எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது என்பதில் எழும் தகராறு. 'ஹே ஹே வாட் கேன் ஐ டூ' எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் இல்லை, ஆனால் 1970இல் 'இம்மிக்ரன்ட் சாங்' சிங்கிளின் மறுபக்கமாகக் குழுவே வெளியிட்டது. அதைச் சேர்க்க வேண்டும், 82 ஆகிவிடும். 'டிராவலிங் ரிவர்சைட் புளூஸ்' 1969 பி.பி.சி. பதிவு, 1990 தொகுப்பில்தான் வந்தது. மேடைப் பட்டியலில் வையுங்கள். பேஜும் பிளான்டும் 1994இல் எகிப்திய வாத்தியக் குழுவோடு வாசித்த 'காஷ்மீர்' எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஜோன்ஸும் பான்ஹமும் அதில் இல்லை, அது இந்தக் கணக்கில் வராது.